பல்பு எரிய எத்தனை வயர் வேண்டும்?

டார்ச் லைட்டில் போடும் பழைய குண்டு பல்பு ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். மேலே சிறிய கண்ணாடிக் குமிழ். கீழே மரை போட்ட பித்தளை உறை. உறையின் அடியில் கறுப்பாக ஒரு வளையம், அதன் நடுவே ஈயப் பற்று வைத்த ஒரு புள்ளி. குமிழுக்குள் இரண்டு கம்பிகள் நிற்கின்றன. அவற்றுக்கு இடையே தலைமுடியைவிட மெல்லிய இழை கட்டப்பட்டிருக்கிறது. ஒரு கம்பி அடிப்புள்ளியில் போய் முடிகிறது. மற்றொன்று பித்தளை உறையோடு பக்கவாட்டில் பற்றவைக்கப்பட்டிருக்கிறது. இந்த இரு முனைகளும் ஒன்றையொன்று தொட்டுவிடாமல் அந்தக் கறுப்பு வளையம் பிரித்து வைக்கிறது. பல்புக்கு மின்சாரம் நுழைய ஓர் இடமும் வெளியேற ஓர் இடமும் உண்டு என்பதை இந்தக் கறுப்பு வளையம் வெளிப்படையாகவே காட்டுகிறது. ஆனால் அதைக் கவனித்துப் பார்த்தவர்கள் மிகக் குறைவு.

இந்தப் பல்பு, ஒரு பேட்டரிக் கட்டை, ஒரு சாண் நீள வயர். இவ்வளவுதான். ஹோல்டர் கிடையாது, இன்னொரு வயரும் கிடையாது. பல்பை எரியவை என்று எட்டு வயதுக் குழந்தையிடம் கொடுத்துவிட்டால், மின்சாரத்தைப் பற்றி அந்தக் குழந்தை என்ன நினைக்கிறது என்பது அடுத்த ஐந்து நிமிடத்தில் அதன் கைகளிலேயே தெரிந்துவிடும். அமெரிக்காவில் 1960களில் நடந்த ‘எலிமென்டரி சயின்ஸ் ஸ்டடி’ என்ற பாடத்திட்ட முயற்சி ‘பேட்டரிகளும் பல்புகளும்’ என்ற தலைப்பில் ஒரு முழுப் பாடப்பகுதியையே இதைச் சுற்றி அமைத்தது. அதன்பின் உலகின் பல மூலைகளிலும் ஆய்வாளர்கள் இதே கேள்வியைக் குழந்தைகளிடமும் பெரியவர்களிடமும் கேட்டிருக்கிறார்கள். அறிவியல் கல்வி ஆய்வில் இவ்வளவு சின்னக் கேள்வி இவ்வளவு விஷயத்தை வெளியே கொண்டுவந்தது அபூர்வம்.

விடை நான்கு வகையில் அமையும். பல்பின் அடிப்புள்ளியைப் பேட்டரியின் குமிழ்முனையில் உட்காரவைத்து, வயரைப் பேட்டரியின் அடித்தட்டிலிருந்து பித்தளை உறையின் பக்கத்துக்குக் கொண்டுபோனால் எரியும். பேட்டரியைத் தலைகீழாகத் திருப்பினாலும் எரியும். உறையின் பக்கம் பேட்டரியைத் தொட, வயர் அடிப்புள்ளிக்குப் போனாலும் எரியும். அதிலும் பேட்டரியைத் திருப்பிப் பிடிக்கலாம். வேறு எப்படிப் பிடித்தாலும் எரியாது.

பெரும்பாலான குழந்தைகள் முதலில் செய்வது வேறு. பேட்டரியின் குமிழ்முனையில் வயரின் ஒரு நுனியை வைத்து, மறுநுனியைப் பல்பின் அடியில் வைப்பார்கள். எரியாது. பேட்டரி தீர்ந்துபோயிருக்கும் என்பார்கள். இன்னும் அழுத்திப் பிடிப்பார்கள். இதை அறியாமை என்று தள்ளிவிடக் கூடாது. அவர்கள் பார்த்த உலகம் அப்படித்தான் இருக்கிறது. மிக்ஸிக்கு ஒரு வயர், அயர்ன் பாக்ஸுக்கு ஒரு வயர், போன் சார்ஜருக்கு ஒரு வயர். அந்த ஒற்றை வயரின் தோலுக்குள் இரண்டோ மூன்றோ கம்பிகள் தனித்தனியாக ஓடுவதை யாரும் அவர்களுக்குக் காட்டியதில்லை. சுவரிலிருந்து மின்சாரம் வருகிறது, மிக்ஸி அதை வாங்கிக்கொள்கிறது. கண்ணால் கண்டதிலிருந்து குழந்தை எடுத்த முடிவு முறையானதுதான். நாம் அதற்குக் காட்டிய சான்றுதான் அரைகுறை.

பெரியவர்களிடமும் இந்த நினைப்பு அப்படியே தங்கியிருக்கிறது. பொறியியல் படிக்க வந்த கல்லூரி மாணவர்களிடம் இதே பல்பைக் கொடுத்துப் பார்த்த ஃப்ரெடெட், லாக்ஹெட் இருவரும் 1980இல் வெளியிட்ட கட்டுரையில், அவர்களில் பலருக்குப் பல்பில் இரண்டு தொடர்புமுனைகள் இருப்பதே மனத்தில் இல்லை என்று காட்டினார்கள். 1997இல் வந்த ‘மைண்ட்ஸ் ஆஃப் அவர் ஓன்’ என்ற ஆவணப்படத்தில் எம்.ஐ.டி. பட்டதாரிகள் பட்டமளிப்பு உடையோடு நின்று இதை முயல்கிறார்கள். பலரால் எரியவைக்க முடியவில்லை. அவர்கள் எழுதித் தேறிய மின்சுற்றுச் சமன்பாடுகள் இதைவிட எத்தனையோ மடங்கு கடினமானவை. சிறு வயதில் கைக்கு எட்டவேண்டியது எட்டாமல் போனால், பிற்பாடு படிக்கும் கணக்கு அந்தக் குறையை நிரப்புவதில்லை என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

நியூசிலாந்தின் வைகாட்டோ பல்கலைக்கழகத்தில் ரோஜர் ஆஸ்பர்ன் 1980களின் தொடக்கத்தில் செய்த வேலை இந்தத் துறையின் அடித்தளம். குழந்தைகளோடு உட்கார்ந்து பேசி, வயரில் என்ன நடக்கிறது என்று அவர்களையே சொல்லவைத்தார். அவர்கள் சொன்னவை நான்கு சித்திரங்களுக்குள் அடங்கின. ஒரு வயர் போதும், மின்சாரம் பேட்டரியிலிருந்து பல்புக்குப் போகிறது, அங்கேயே முடிகிறது என்பது முதல் சித்திரம். இரண்டாவதில் பேட்டரியின் இரு முனையிலிருந்தும் இரண்டு ஓட்டங்கள் கிளம்பி வந்து பல்பில் மோதிக்கொள்கின்றன. அந்த மோதலில்தான் வெளிச்சம் பிறக்கிறது. மூன்றாவதில் ஓட்டம் ஒரே திசையில் சுற்றி வருகிறது, ஆனால் பல்பு அதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்வதால் திரும்பிப் போவது குறைச்சல். நான்காவது இயற்பியல் சொல்வது: போவதும் திரும்புவதும் ஒரே அளவு.

மூன்றாவது சித்திரம்தான் உண்மையான சிக்கல். பல்பை இரண்டு இடத்தில் தொட வேண்டும் என்பதைக் கையால் செய்து பார்த்துவிட்ட குழந்தை முதல் சித்திரத்தை எளிதில் விட்டுவிடுகிறது. மோதல் கதையும் வயது ஏற ஏறக் குறைகிறது. ஆனால் ‘பல்பு கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது’ என்ற எண்ணம் மட்டும் குறைவதற்கு முன்னால் வளர்கிறது. நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் டேவிட் ஷிப்ஸ்டோன் 1984இல் வெளியிட்ட ஆய்வு இங்கிலாந்துப் பள்ளி மாணவர்களிடம் இதைத்தான் கண்டது: அந்த எண்ணம் பதின்வயதின் நடுவில் உச்சத்துக்குப் போகிறது. அதாவது, மின்சாரத்தைப் பாடமாகப் படித்துக்கொண்டிருக்கும் வயதிலேயே.

அப்படியானால் அளந்து காட்டிவிடலாமே? ஆஸ்பர்னும் அதைத்தான் செய்தார். நான்கு சித்திரங்களையும் வகுப்பின் முன்னால் வைத்து, எது சரி என்று மாணவர்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி, பிறகு பல்புக்கு இரண்டு பக்கமும் அம்மீட்டரைப் போட்டுக் காட்டுவது அவருடைய முறை. இரண்டு மீட்டரும் ஒரே அளவைக் காட்டும். வகுப்பு வியக்கும், பெரும்பாலானவர்கள் மனம் மாறுவார்கள். ஆனால் ஆஸ்திரேலிய ஆய்வாளர் காலின் கால்ட் இத்தகைய பாடம் முடிந்து சில மாதங்கள் கழித்துப் பதினான்கு வயது மாணவர்களைப் பேட்டி கண்டபோது, ஒரு பகுதியினர் பழைய எண்ணத்துக்கே திரும்பியிருந்தார்கள். அதைவிட முக்கியமான செய்தி அடுத்தது: அவர்களில் சிலர் மீட்டர் காட்டிய அளவையே மாற்றி நினைவில் வைத்திருந்தார்கள். இரண்டாவது மீட்டர் குறைவாகக் காட்டியதாக அவர்களுக்கு ஞாபகம். 1986இல் வந்த அந்தக் கட்டுரையின் தலைப்பு ‘மாதிரிகள், மீட்டர்கள், நினைவு’ என்று அமைந்தது. கண்ணால் பார்த்த எண்ணைவிட மனத்தில் ஊறிய சித்திரம் வலுவானது. அது நினைவையே தனக்கு ஏற்றபடி திருத்திக்கொள்கிறது.

இதைப் படிக்கும் ஆசிரியருக்குச் சோர்வு வரலாம். எனக்கு இது வழிகாட்டுவதாகவே தோன்றுகிறது. குழந்தை ஏன் திரும்பிப் போகிறது? ஏனென்றால் அதன் எண்ணத்தில் ஓர் உண்மை இருக்கிறது. ஏதோ ஒன்று தீரத்தான் செய்கிறது. டார்ச்சை இரவெல்லாம் போட்டுவிட்டால் காலையில் பேட்டரி செத்துக் கிடக்கிறது. போனது எதுவும் குறையாமல் திரும்பி வருகிறது என்றால் பேட்டரி ஏன் தீர வேண்டும்? மீட்டர் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதில்லை. பதில் கிடைக்காத கேள்வியோடு வீட்டுக்குப் போன குழந்தை, மீட்டரைக் கைவிட்டுத் தன் அனுபவத்தைப் பிடித்துக்கொள்கிறது. தீர்வது ஆற்றல், ஓட்டம் அல்ல என்ற வேறுபாட்டை, அந்தச் சொற்கள் இல்லாமலேயே, குழந்தையின் உடம்புக்குப் புரியவைக்க வேண்டும்.

அதற்கு நான் அறிந்தவற்றில் சிறந்தது கயிற்று விளையாட்டு. பிரிட்டனின் இயற்பியல் ஆசிரியர்களிடையே இது நன்றாகப் புழங்குகிறது. பத்துப் பிள்ளைகள் வட்டமாக நிற்கட்டும். இரு நுனியும் முடிச்சிட்ட ஒரு நீளக் கயிறு எல்லோருடைய அரைமூடிய கைகளுக்குள்ளும் போகட்டும். ஆசிரியர் கயிற்றை ஒரு கையால் இழுத்து மறுகையால் விட்டுக்கொண்டே இருக்கிறார். அவர்தான் பேட்டரி. இழுத்த மறுகணமே வட்டம் முழுவதும் கயிறு நகரத் தொடங்குகிறது. யாரும் கயிறு ‘வந்து சேர’க் காத்திருக்கவில்லை. இப்போது ஒரு பிள்ளையை மட்டும் கயிற்றைச் சற்று இறுக்கிப் பிடிக்கச் சொன்னால், அந்தப் பிள்ளையின் உள்ளங்கை சுடும். அதுதான் பல்பு. கயிறு அந்த இடத்தில் மட்டுமில்லாமல் வட்டம் முழுக்க ஒரே நேரத்தில் மெதுவாகிறது. சுட்ட கையைத் தாண்டிப் போகும் கயிறு ஓர் அங்குலம்கூடக் குறையவில்லை. ஆனால் டீச்சருக்குக் கை வலிக்கிறது. தீர்வது இன்னது, தீராதது இன்னது என்று ஏழு வயதுப் பிள்ளை சுட்டிக்காட்டிவிடும்.

பிற்காலத்தில் அந்தப் பிள்ளை படிக்கப்போகும் ஒரு செய்திக்கும் இந்த விளையாட்டு இடம் வைத்திருக்கிறது. சாதாரண வீட்டு வயரில் எலக்ட்ரான்கள் நகரும் வேகம் நொடிக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. ஆனாலும் ஸ்விட்சைப் போட்டவுடன் விளக்கு எரிகிறது, ஏனென்றால் வயர் முழுக்க ஏற்கெனவே எலக்ட்ரான்கள் இருக்கின்றன. எந்த ஒப்புமையும் எல்லா இடத்துக்கும் பொருந்தாது என்பதும் உண்மை. மின்சாரத்தைத் தண்ணீர் ஓட்டமாக நினைத்தவர்கள் பேட்டரிகளை அடுக்கும் கணக்கில் நன்றாகச் செய்தார்கள். கூட்டமாக ஓடும் மனிதர்களாக நினைத்தவர்கள் மின்தடைகளைப் பக்கம் பக்கமாக இணைக்கும் கணக்கில் நன்றாகச் செய்தார்கள் என்று 1983இல் டெட்ரே கென்ட்னரும் டொனால்ட் கென்ட்னரும் காட்டினார்கள். கயிறும் கிளை பிரியும் சுற்றுக்கு உதவாது. ஆனால் தொடக்கப் பள்ளிக்குக் கிளை தேவையில்லை, ஒரு வட்டம் போதும்.

மீட்டர் இல்லாத பள்ளியில் இதை எப்படிச் சோதிப்பது? ஒரே மாதிரியான இரண்டு பல்புகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கலாம். இணைப்பதற்கு முன் எது பிரகாசமாக எரியும் என்று கேட்க வேண்டும். “முதல் பல்பு கொஞ்சம் எடுத்துக்கும் டீச்சர், மிச்சந்தான் அடுத்ததுக்குப் போகும்” என்று பதில் வரும். ஒவ்வொருவரும் தன் விடையை நோட்டில் எழுதிய பிறகே இணைக்க வேண்டும். இரண்டும் மங்கலாக, ஏறக்குறைய ஒரே அளவில் எரியும். இந்த ‘ஏறக்குறைய’யில்தான் ஆசிரியர் நிதானமாக இருக்க வேண்டும். கடையில் வாங்கிய இரண்டு பல்புகள் அச்சு அசலாக ஒன்றாக இருப்பதில்லை. ஒன்று சற்றுக் கூடுதலாக எரிந்தால், ‘பார்த்தீங்களா’ என்று ஒரு குரல் எழும். உடனே பேட்டரியைத் திருப்பிப் போட வேண்டும். முதலாவது கடைசியாகவும் கடைசி முதலாவதாகவும் ஆகிவிட்டது. அப்போதும் அதே பல்புதான் கூடுதலாக எரிகிறது என்றால், காரணம் வரிசை இல்லை, பல்பு. ஒரு சந்தேகத்தை இப்படிப் பிரித்துச் சோதிக்கலாம் என்று ஒன்பது வயதில் ஒரு பிள்ளை கண்டுகொள்வது, சரியான விடையைக் காட்டிலும் பெரிய வரவு.

மீட்டருக்கு மாற்று இன்னொன்றும் உண்டு. அது காந்தத்தின் வழியாக வருகிறது. அதற்கு முன் காந்தத்தைக் குழந்தைகளுக்கு எப்போது, எப்படிக் கொடுப்பது என்று பார்க்கலாம்.

மின்சுற்றுக்கு ஏழெட்டு வயதாவது ஆகவேண்டும் என்பது என் கருத்து. காந்தத்துக்கு நாலு வயது போதும். கிரேக்க நாட்டில் கான்ஸ்டன்டினோஸ் ரவானிஸ் 1990களில் பள்ளிக்கு முந்தைய பருவக் குழந்தைகளிடம் காந்தங்களைக் கொடுத்து, அவர்களே ஈர்ப்பையும் விலக்கலையும் கண்டெடுப்பதை ஆராய்ந்தார். நம் ஊரில் இதற்கு ஆய்வுக்கூடம்கூட வேண்டியதில்லை. பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய வட்டக் காந்தத்தை நூலில் கட்டி ஆற்று மணலில் இழுத்துக்கொண்டு போனால் கறுப்புத் துகள்கள் மயிர்க்கால்போல் எழுந்து ஒட்டிக்கொள்ளும். மணலில் கலந்திருக்கும் மாக்னடைட் என்ற இரும்புத் தாது அது. காந்தத்தை முன்பே ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டிவிட்டால், பையை உருவியதும் துகளெல்லாம் காகிதத்தில் கொட்டும். இல்லாவிட்டால் அந்தத் தூளைக் காந்தத்திலிருந்து பிரித்தெடுக்கவே முடியாது.

அடுத்தது சமையலறை. உலோகம் எல்லாம் காந்தத்தில் ஒட்டும் என்பது பல நாட்டுக் குழந்தைகளிடமும் ஆய்வாளர்கள் கண்ட எண்ணம். நம் வீட்டுப் பாத்திர அடுக்கு அதை உடைக்கவும் செய்யும், குழப்பவும் செய்யும். பித்தளைக் குடம் ஒட்டாது, செம்புச் சொம்பு ஒட்டாது, அலுமினியச் சட்டி ஒட்டாது, இரும்புத் தோசைக்கல் பளிச்சென்று ஒட்டும். எவர்சில்வர்தான் சோதிக்கிறது. சாப்பாட்டுத் தட்டும் டம்ளரும் பெரும்பாலும் ஒட்டுவதில்லை, கத்தி ஒட்டுகிறது, சில பாத்திரங்களின் அடி மட்டும் ஒட்டுகிறது. ஒட்டாத டம்ளரின் மடித்த விளிம்பில் வைத்தால் லேசாகப் பிடிப்பதும் உண்டு. காரணம் இதுதான்: நிக்கல் கலந்த ஒருவகை எஃகின் படிக அமைப்பு காந்தத்துக்கு இணங்காதது, ஆனால் அதையே இழுத்து வளைத்து அடிக்கும்போது அந்த இடத்தில் மட்டும் அமைப்பு மாறிக் காந்தத்துக்கு இணங்குகிறது. இதைச் சின்னப் பிள்ளைக்குச் சொல்லவேண்டாம். ஆனால் அம்மாவுக்குத் தெரிந்த ஒன்றை இங்கே சேர்த்துக்கொள்ளலாம்: இண்டக்‌ஷன் அடுப்பில் எந்தப் பாத்திரம் சூடேறும் என்று பார்க்க, அடியில் காந்தம் ஒட்டுகிறதா என்று பார்ப்பார்கள். நாணயங்களும் இப்படியே. இன்று புழங்கும் ஒரு ரூபாய் எஃகு நாணயம் ஒட்டும். 1980களில் வந்த ஒரு ரூபாயை வீட்டில் யாராவது வைத்திருந்தால் அதைக் கேட்டு வாங்குங்கள். செம்பும் நிக்கலும் கலந்த அது ஒட்டாது.

ஈர்ப்பை மட்டும் காட்டி நிறுத்திவிடுவது நம் வகுப்புகளில் பொதுவாக நடக்கும் குறை. ஒட்டுவதைப் பார்க்கும் குழந்தை அதைப் பசைபோல் நினைக்க இடமுண்டு. ராபர்ட் செல்மனும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1982இல் வெளியிட்ட ஆய்வு, கண்ணுக்குத் தெரியாத விசை என்ற எண்ணம் குழந்தைகளிடம் படிப்படியாகத்தான் உருவாகிறது என்று காட்டியது. இளையவர்கள் தொட்டால் ஒட்டுகிறது என்ற நிகழ்ச்சியோடு நின்றுவிடுகிறார்கள். அந்த எண்ணத்தை முன்னே தள்ளுவது விலக்கல்தான். இரண்டு வட்டக் காந்தங்களை ஒரு பென்சிலில் கோத்து, மேலே இருப்பது அந்தரத்தில் நிற்கும்படி வைத்து, விரலால் அழுத்திப் பார்க்கச் சொல்ல வேண்டும். இடையில் எதுவும் இல்லை, ஆனால் விரலை ஏதோ எதிர்த்துத் தள்ளுகிறது. பசை இப்படித் தள்ளாது.

தையல் ஊசி ஒன்றைக் காந்தத்தால் ஒரே திசையில் முப்பது நாற்பது முறை தடவி, நடுவில் நூல் கட்டித் தொங்கவிட்டால் அது வடக்கு தெற்காக நிற்கும். இதில் தமிழகத்தின் தென்கோடிக் குழந்தைகளுக்கு ஒரு சலுகை இருக்கிறது, நம் பாடநூல்கள் அதைப் பயன்படுத்தினால் எவ்வளவு நன்றாக இருக்கும்! லண்டனில் திசைகாட்டி செய்துவந்த ராபர்ட் நார்மன் என்பவர், தடவுவதற்கு முன் சமமாகத் தொங்கிய ஊசி தடவிய பின் வடமுனையில் சாய்ந்துவிடுவதைக் கண்டு 1581இல் புத்தகமாக எழுதினார். லண்டனில் அந்தச் சாய்வு இன்று ஏறக்குறைய 66 பாகை. தில்லியில் 40 பாகைக்கு மேல். திருநெல்வேலியில் ஊசி கிட்டத்தட்டச் சமமாகவே நிற்கும். பூமியின் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டிப் போவதால் இப்படி. 1963இல் திருவனந்தபுரத்துக்குப் பக்கத்துத் தும்பா ராக்கெட் ஏவுதளமாக அமைந்ததும், இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் திருநெல்வேலி கிருஷ்ணாபுரத்தில் ஆய்வுக்கூடம் வைத்திருப்பதும் இந்தக் கோட்டுக்காகத்தான். நூலில் தொங்கும் ஒரு ஊசியில் அந்த ஊர்ப் பிள்ளை தன் ஊர் பூமியில் எங்கே இருக்கிறது என்று படிக்க முடியும். சென்னையில் இருக்கும் பிள்ளை இதையே செய்தால் வடமுனை கொஞ்சம் தாழும். இரண்டு பள்ளிகள் படம் எடுத்து அனுப்பிக்கொள்ளலாம்.

இப்போது மீட்டருக்கு வருவோம். 1820இல் கோபன்ஹேகனில் ஹான்ஸ் கிறிஸ்டியன் எர்ஸ்டெட், மின்சாரம் ஓடும் கம்பிக்குப் பக்கத்தில் திசைகாட்டி ஊசி திரும்புவதைக் கண்டார். மின்சாரமும் காந்தமும் தனித்தனி அல்ல என்று உலகம் அறிந்தது அப்போதுதான். பள்ளியில் இதை ஓர் அதிசயமாகக் காட்டிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். அதைவிட, பல்புச் சண்டையைத் தீர்க்கும் சாட்சியாக இதை அழைக்கலாம். பத்து ரூபாய், இருபது ரூபாய்க்குக் கிடைக்கும் பொம்மைத் திசைகாட்டியின் மேல் வயரைப் பத்துச் சுற்று சுற்றி, சுற்றிய வயர் ஊசிக்கு இணையாக இருக்கும்படி வைத்து, பேட்டரிக்கும் பல்புக்கும் நடுவே சேர்த்தால் ஊசி நன்றாக விலகும். விலகிய அளவைப் பேனாவால் குறித்துக்கொண்டு, அதே திசைகாட்டியைப் பல்பைத் தாண்டிய பக்கத்தில் சேர்த்தால் அதே அளவு விலகும். ஒற்றை வயரை மேலே வைத்தால் போதாதா என்று கேட்கலாம். நம் பகுதியில் பூமியின் காந்தப்புலம் கிடைமட்டத்தில் லண்டனைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வலுவானது, ஊசியைப் பிடித்து வைத்திருக்கிறது. அதனால் ஒற்றை வயருக்கு ஊசி லேசாகத்தான் அசையும், பிள்ளைகள் கண்ணுக்குத் தெரியாது. ஆங்கிலப் புத்தகத்தைப் பார்த்துச் செய்துவிட்டு ‘வரவில்லை’ என்று கைவிட்ட ஆசிரியர்கள் உண்டென்றால், இது ஒரு காரணமாக இருக்கலாம்.

இப்படிச் செய்து பார்த்து நம்பும் வழக்கத்துக்குப் பெரிய முன்னோடி இருக்கிறார். மைக்கேல் ஃபாரடே புத்தகம் கட்டும் கடையில் வேலை பழகிய பையனாக இருந்தபோது, ஜேன் மார்செட் எழுதிய ‘வேதியியல் உரையாடல்கள்’ கைக்குக் கிடைத்தது. ஓர் ஆசிரியையும் எமிலி, கரோலின் என்ற இரண்டு பெண்களும் பேசிக்கொள்ளும் நூல் அது. ஃபாரடே பின்னாளில் எழுதிய கடிதத்தில், அதில் சொன்னதைத் தன்னால் இயன்ற சிறு சோதனைகளால் சரிபார்த்ததையும், அது உண்மைக்கு ஒத்திருந்ததால் அதைப் பற்றிக்கொண்டதையும் நன்றியோடு நினைவுகூர்கிறார்.

இந்தியாவில் இந்த வழியில் நடந்த பெரிய முயற்சி ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டம். 1972இல் மத்தியப் பிரதேசத்தின் அந்த மாவட்டத்தில் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கியது. ‘பால வைஞானிக்’ என்ற அதன் புத்தகங்கள் விடையைத் தரவில்லை, சோதனையையும் கேள்வியையும் தந்தன. 1982இல் உருவான ஏகலவ்யா அமைப்பு அதை விரிவாக்கியது. 2002இல் மாநில அரசு அதை நிறுத்தியது. முப்பது ஆண்டு அனுபவம் கொண்ட ஒரு திட்டம் அப்படி நின்றது நாட்டுக்கு நேர்ந்த இழப்பு என்றே நினைக்கிறேன். ஐ.ஐ.டி. கான்பூரில் பொறியியல் படித்துவிட்டு லாரித் தொழிற்சாலையில் வேலையில் இருந்த அரவிந்த் குப்தா, விடுப்பு எடுத்துக்கொண்டு 1978இல் அங்கே போனவர்தான். குப்பையிலிருந்து பொம்மை செய்யும் அவருடைய வழி அந்தக் கிராமங்களில் தொடங்கியது. அவருடைய நூல்கள் தமிழிலும் வந்திருக்கின்றன. தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் அதன் ‘துளிர்’ இதழும் இங்கே அதே உணர்வைப் பள்ளிகளுக்குக் கொண்டுசென்றன.

குப்தாவின் எளிய மோட்டாரை ஒரு முறையாவது செய்து பார்க்க வேண்டும். ஒரு பேட்டரி, அதன் இரு முனைகளிலும் சைக்கிள் டியூபில் வெட்டிய ரப்பர் வளையத்தால் பிடித்துவைத்த இரண்டு சேஃப்டி பின்கள், பேட்டரியின் முதுகில் ஒரு காந்தம். மோட்டார் சுற்றும் எனாமல் பூசிய செம்புக் கம்பியைப் பத்துச் சுற்று வளையமாகச் சுற்றி, இரண்டு நுனிகளையும் பின்களின் துளையில் தாங்கவைத்தால் வளையம் சுழலும். ரகசியம் நுனியில் இருக்கிறது. ஒரு நுனியில் எனாமலைச் சுற்றிலும் சுரண்ட வேண்டும். மறுநுனியில் பாதியை மட்டும், வளையத்தை நிமிர்த்திப் பிடித்து அந்த நுனியை மேசைமேல் வைத்து மேல்பக்கம் மட்டும், சுரண்ட வேண்டும். முழுதும் சுரண்டினால் வளையம் ஆடி ஆடி நின்றுவிடும், ஏனென்றால் அரைச்சுற்றில் முன்னே தள்ளிய விசை அடுத்த அரைச்சுற்றில் பின்னே இழுக்கும். அந்த அரைச்சுற்றில் மின்சாரத்தை அறுத்துவிடத்தான் மிச்சம் வைத்த எனாமல். பத்து வயதுப் பிள்ளைகள் இதைத் தாமாகவே கண்டுபிடிப்பது அரிது. ஆனால் பக்கத்துப் பையனின் மோட்டார் சுற்றித் தன்னுடையது சுற்றவில்லை என்றால், இரண்டு நுனிகளையும் வெளிச்சத்தில் பிடித்து ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். எல்லாம் பொருத்தி அட்டையில் ஒட்டி விற்கும் கிட்டில் இந்தச் சந்தர்ப்பமே இல்லை.

இவற்றில் எதையும் சுவர்ப் பிளக்கில் செய்யக் கூடாது என்பதை முதல் நாளிலேயே, காரணத்தோடு, சொல்லிவிட வேண்டும். பேட்டரிக் கட்டை 1.5 வோல்ட். வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அது நெஞ்சைத் தாண்டி ஓடினால் உயிரைப் பறிக்கும். வயரைப் பேட்டரியின் இரு முனைக்கும் நேராக இணைத்தால் சுடும் என்பதைப் பிள்ளைகள் ஒரு கணம் தொட்டு அறியலாம், செல்போனின் லித்தியம் பேட்டரியில் அறியவே கூடாது. சிறு குழந்தைகள் இருக்கும் இடத்தில் இரண்டு பொருள்கள் ஆபத்தானவை. பொத்தான் பேட்டரி ஒன்றை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாய் வெந்துவிடலாம். வலுவான நியோடிமியக் காந்தங்கள் இரண்டை விழுங்கினால் குடலின் இரண்டு மடிப்புகளை நடுவில் வைத்து ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு துளைபோட்டுவிடும். இரண்டுக்கும் வாழைப்பழ வைத்தியம் உதவாது, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நாலு வயதுப் பிள்ளைக்கு ஸ்பீக்கரிலிருந்து எடுத்த பெரிய கறுப்புக் காந்தமே சரி.

கடைசியாக ஒரு நடைமுறைச் சங்கடம். குண்டு பல்பு கடைகளிலிருந்து மறைந்துகொண்டிருக்கிறது. கோயில் திருவிழா சீரியல் செட்டில் ஒரு பல்பு போனால் வரிசையே அணைவதைப் பார்த்துத் தொடர் இணைப்பைத் தெரிந்துகொண்ட தலைமுறை முடிந்துவிட்டது; டார்ச்சிலும் எல்.இ.டி. வந்துவிட்டது. சிவப்பு எல்.இ.டி.க்கு ஏறக்குறைய 2 வோல்ட், வெள்ளைக்கு 3 வோல்ட் வேண்டும். ஒரு பேட்டரிக் கட்டையில் இரண்டும் எரியாது. இரண்டு கட்டை போட்டுச் சிவப்பை எரியவைத்தாலும், அதன் கால்களை மாற்றிக் கொடுத்தால் எரியாது. மின்னோட்டம் எந்தத் திசையில் என்ற கேள்வியைக் குண்டு பல்பால் ஒருபோதும் எழுப்ப முடியாது, எல்.இ.டி. முதல் நிமிடத்திலேயே எழுப்பிவிடும். ஆறாம் ஏழாம் வகுப்புக்கு அது நல்ல வாய்ப்பு. ஆனால் எட்டு வயதில், வட்டம் மூடினால் எரியும் என்ற ஒரே விஷயத்தைப் பிடிக்க வேண்டிய நேரத்தில், அது பிள்ளையைத் தடுமாறவைக்கிறது. சரியாக இணைத்தும் எரியாத விளக்கு, தவறாக இணைத்ததாகவே அதற்குப் புரியும். தொடக்கப் பள்ளிகளுக்குக் குண்டு பல்பு வேண்டும். ஒரு வகுப்புக்கு இருபது பல்பும் பத்துக் கட்டையும் இருந்தால் பல ஆண்டுகள் ஓடும். தனித்தனி ஆசிரியர்கள் பழைய எலக்ட்ரிக்கல் கடைகளில் தேடி அலைவதற்குப் பதிலாக, கடைகளில் இருப்புத் தீர்வதற்கு முன்னால், வட்டார வள மையங்கள் மொத்தமாக வாங்கிப் பள்ளிகளுக்குக் கொடுக்கலாம். கொடுக்கும் நாளில் ஆசிரியர்களையும் அரைநாள் உட்காரவைத்து, ஒரு வயரால் எரியவைக்கும் அந்த நான்கு வழிகளையும் அவர்களே தேடிக் கண்டுபிடிக்க விட வேண்டும்.